மீன் தின்னாத கொத்தி

1

என் ஆயுளில் நான் எழுதிப் போட்ட மனுக்களில் உடனே பலித்தது ஒன்றே ஒன்றுதான். அதைப் பலிக்காமல் செய்ய இரண்டு நாள் நாயாய் ஓடினேன். போன மாதம் நடந்த கதை. ஊரில் இருப்பவர்கள் சின்னராசு மச்சான் வாயால் பாதியைக் கேட்டிருப்பீர்கள். அவர் சொன்ன பாதி பொய்யில்லை. மீதியையும் கேட்டால் போன மானத்தில் கால்வாசியாவது திரும்பும் என்ற நப்பாசையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருக்கும் தீவுக்கு நியூ பிரிட்டன் என்று பெயர். பிரிட்டனும் இல்லை, புதுசும் இல்லை. பப்புவா நியூ கினி தேசத்தைச் சேர்ந்தது. வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. ஏற்காட்டு மலையில் தலைச்சோலைதான் என் ஊர். அங்கே அப்பா காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். பழத்தைத் தோலுரித்துக் கொட்டையைக் களத்தில் காயவைக்கும் வேலையில் வளர்ந்தவன் நான். இங்கே கோகோ தோட்டத்தில் கொட்டையைப் புளிக்கவைத்துக் காயவைக்கும் கொட்டகைக்குப் பொறுப்பு. கொட்டைதான் மாறியிருக்கிறது. மழை வருமா என்று அண்ணாந்து பார்க்கும் கழுத்துவலி அதேதான்.

கம்பெனி கொடுத்த வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை. ஓடைச் சரிவில் கோகோ நட முடியாது என்பதால் பழைய காட்டை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலிலும் அதற்குள்ளே சாயங்காலம்தான். அந்தக் காட்டின் ஓரத்தில், எங்கள் துணிக்கொடியிலிருந்து பத்துப் பதினைந்து எட்டில் ஒரு மரம். ஆளுயரத்துக்கு மேலே, மரத்தைக் கட்டிப்பிடித்தபடி, குதிர் மாதிரி கறுப்பாக ஒரு கறையான் புற்று. நம் ஊரில் கறையான் தரையில் வீடு கட்டும். இங்கே எடுத்த எடுப்பிலேயே மாடி.

என் மனைவி செல்வி குடிவந்த முதல் வெள்ளிக்கிழமையே மஞ்சள் குங்குமத்தோடு அங்கே போய்விட்டாள். மரத்தடியில் ஒரு கொட்டாங்குச்சி. அதில் பால்பவுடர் கரைத்த பால்.

"இது வேற மாதிரிப் புத்து செல்வி. மரத்துல இருக்குது பாரு," என்றேன்.

"புத்து தரையிலிருந்தா என்னங்க, மாடியிலிருந்தா என்னங்க. உள்ளாற இருக்கறவரு ஒருத்தருதான்."

அதற்கு மேல் வாதாட எனக்கும் தெம்பில்லை. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்று தாய்ப்பாலோடு குடித்தவன். துணி காயப்போடப் போகும்போதெல்லாம் நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வேட்டியை உதறுவேன்.

2

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் தமிழ். சட்டம் போட்டவன் நான். தினமும் நாற்பது தடவை மீறுபவனும் நான். அபராதம் மட்டும் என் மகள் தாரணிக்கு.

தாரணிக்குப் பதின்மூன்று வயது. ஒரு வயசில் ஏற்காட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் டாரா. எந்த ஊர் என்று யாராவது கேட்டால் இந்தத் தீவின் பெயரைத்தான் சொல்வாள். கேட்டவர் நம்பாமல் பார்த்தால் என் பக்கம் கையைக் காட்டுவாள், போலீஸ் கேஸில் சாட்சிப் பொருளைக் காட்டுவது மாதிரி. வெளியில் அவள் பேசுவது டோக் பிசின். இங்கே எல்லாருக்கும் பொதுவான பாஷை. நமக்குப் பிசின் என்றால் முருங்கைமரத்தில் வடிவது. இவர்களுக்குப் பிசின் என்றால் பாஷையும்தான், பறவையும்தான். பறவைக்கும் பேச்சுக்கும் ஒரே சொல் வைத்த சனம். இந்தச் சொல்லை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாததால் வந்த வினைதான் இத்தனையும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் முகத்தில் நுரையோடு கண்ணாடி முன்னால் நிற்கிறேன். தாரணி பின்கட்டு வழியாக ஓடிவந்தாள். மூச்சு வாங்குகிறது. பிசின் என்று ஆரம்பித்து அந்தப் பாஷையிலேயே மடமடவென்று கொட்டினாள்.

"தமிழ்ல சொல்லு கண்ணு," என்றேன், எதையும் காதில் வாங்காமல், கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்காமல்.

நின்றாள். எங்கோ அடுக்கில் போட்டுவைத்த பாத்திரங்களைத் தேடி எடுப்பது போலச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"புத்து இருக்குல்ல. அதுலருந்து வந்துச்சு. வேகமா. என்ற மூஞ்சிக்கு நேரா. கொத்த வந்துச்சு."

சவரக்கத்தி கையிலிருந்து நழுவிக் காலருகே விழுந்தது. அதற்கே ஒரு குதி குதித்தேன்.

"எப்படி இருந்துச்சு சாமி?"

"தல கறுப்பு. வாய் செவப்பு. வால் வெள்ளையா, நீளமா."

அடுப்படியிலிருந்து கரண்டியோடு செல்வி வந்தாள். "வெள்ளை வாலா? பெரியவருங்க அது," என்று கரண்டியோடு சேர்த்துக் கும்பிட்டாள்.

அடுத்த பத்து நிமிஷம் நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் வரிசையாகச் செய்யவில்லை. பெஞ்சு மேல் ஏறினேன். பிள்ளையையும் ஏறச் சொன்னேன். கை, கால், காதுமடல் வரைக்கும் பல் பதிந்திருக்கிறதா என்று தேடினேன். ஜன்னல்களைச் சாத்தினேன். கதவிடுக்கில் துண்டைத் திணித்தேன். பிறகுதான் ஆபீசுக்குப் போக அதே கதவைத் திறக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. தாரணி என்னவோ சொல்ல வந்தாள். "நீ பேசாத கண்ணு, விஷம் ஏறிரும்," என்றேன். விஷமே இல்லாத பிள்ளையிடம்.

ஒரு கன்னம் மழித்து, மறு கன்னம் மழிக்காமல் போய்ப் பராமரிப்பு ஆபீசில் படிவம் வாங்கினேன். கோரிக்கை: மரத்தை வெட்டுதல். காரணம்: பாம்பு. நீளம் என்று ஒரு கட்டம் இருந்தது. ஆறடி என்று எழுதினேன். பார்த்தவர் யார் என்று ஒரு கட்டம். பிள்ளை பெயரைப் போட்டால் லேசாக எடுத்துக்கொள்வார்கள் என்று 'நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

3

என்னைத் தெரிந்த ஏற்காட்டுக்காரர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எனக்கு வயது பதினாலு. நானும் சின்னராசுவும் செம்மநத்தம் போகும் ரோட்டில் நடந்துகொண்டிருந்தோம். அப்போது அவர் மச்சான் இல்லை, வெறும் சேக்காளி. ரோடு போடுவதற்காக மலையை வெட்டிய மண்சுவரில் கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. உள்ளே என்ன இருக்கும் என்று அவர் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று நான் முழங்கை வரைக்கும் கையை விட்டேன். எங்களுக்குள் வேலைப் பங்கீடு எப்போதும் அப்படித்தான்.

உள்ளே சூடாக என்னவோ அசைந்தது. விரலில் சுருக்கென்று ஓர் அடி. "கொத்திருச்சு" என்று கத்தினேன்.

தமிழில் இது ஒரு பெரிய சிக்கல். பாம்பும் கொத்தும், பறவையும் கொத்தும், மண்வெட்டியும் கொத்தும். ஆனால் பொந்துக்குப் பக்கத்தில் நின்று 'கொத்திருச்சு' என்றால் எந்தத் தமிழனும் 'எது' என்று கேட்க மாட்டான். தோட்டத்து வேலையாட்கள் ஓடிவந்து, எதிரே வந்த ஏற்காடு பஸ்ஸை மறித்தார்கள். கையில் துண்டை இறுக்கிக் கட்டினார்கள். பஸ் ஏற்காட்டில்கூட நிற்காமல் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் ஆஸ்பத்திரி வாசலுக்கே போய் நின்றது. வழியில் இறங்க வேண்டியவர்களும் முனகாமல் கூடவே வந்தார்கள். ஒரு அம்மா வழிநெடுக என் கன்னத்தில் தட்டித் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டார். கன்னம் வீங்கியதுதான் அன்றைக்கு உடம்பில் பட்ட பெரிய காயம்.

டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"ஒத்த ஓட்டைதான் இருக்குது. உங்க மலையில பாம்புக்கு ஒத்தப் பல்லா?"

பிறகு பொந்து எங்கே, எவ்வளவு உயரம், உள்ளே என்ன நாற்றம் என்று கேட்டார். கடைசியில் அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "மீன்கொத்திங்க. முட்டை மேல உக்காந்திருக்கும்போது கைய விட்டிருக்கறான்," என்றார்.

தண்ணியே இல்லாத ரோட்டுச் சுவரில் மீன்கொத்தி எப்படி என்று நான் சண்டைக்கு நின்றேன். எஸ்டேட்டுக் கம்பியில் நீலமாக உட்கார்ந்து வெட்டுக்கிளியும் ஓணானும் பிடித்துத் தின்கிற அந்தப் பறவையைத் தினமும் பார்த்தவன்தான். அது மீன்கொத்தி என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். திரும்பி மலையேறுவதற்குள் என் பெயர் ஊரில் மாறிவிட்டது. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன வீடுகளில்கூட, "யாரு, கொத்தியா? வா கண்ணு," என்றுதான் கூப்பிட்டார்கள். நாடு விட்டு நாடு வந்ததற்கு நான் பல காரணங்கள் சொல்வேன். இந்தப் பெயரும் அதில் ஒன்று. தாரணிக்கு இதை மட்டும் சொன்னதே இல்லை.

4

எங்கள் வீட்டு மின்விசிறிக்கு நான் மனுக் கொடுத்து மூன்று மழைக்காலம் போய்விட்டது. பாம்பு மனுவுக்கு மறுநாளே பதில் வந்தது. 'பாதுகாப்பு' என்று சிவப்பில் முத்திரை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் மரம் வெட்டப்படும். சாயங்காலமே ஓர் ஆள் வந்து மரத்தில் சிவப்பு பெயின்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்.

தாரணி அந்தக் குறியைப் பார்த்தாள். அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் விடியும் முன்னே என்னை எழுப்பினாள்.

"வாங்கப்பா. காட்டணும்."

"எங்க கண்ணு?"

"புத்துக்கு."

பிள்ளை கூப்பிட்டு அப்பன் மாட்டேன் என்றால் அழகா. போனேன். காலில் ரப்பர் பூட்ஸ், உடம்பில் மழைக்கோட்டு, தலையில் கொட்டகை ஹெல்மெட், கையில் மூங்கில். தாரணி சட்டையும் அரைப்பாவாடையுமாக, செருப்பில்லாமல் முன்னால் நடந்தாள்.

"சத்தம் போடாதீங்கப்பா."

"நான் பேசவே இல்லியே."

"கோட்டு பேசுது."

கோட்டைக் கழற்றினேன். மரத்துக்கு எதிரே ஒரு கட்டையில் உட்காரவைத்தாள். மரத்தில் என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இருட்டுக்குள் தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு வெள்ளை நூல் தொங்குவது தெரிந்தது. காற்றே இல்லை, ஆனால் நூல் முன்னும் பின்னும் மெதுவாக ஆடியது. கண் பழகப் பழக நூலுக்கு மேலே ஒரு பறவை முளைத்தது. கறுத்த தலை, இறக்கையில் நீலம், மஞ்சள் பூசின மாதிரி நெஞ்சு, வற்றல் மிளகாய்ச் சிவப்பில் நீண்ட மூக்கு. வால் மட்டும் உடம்பளவுக்கு நீளமாக, வெள்ளையாக.

தல கறுப்பு. வாய் செவப்பு. வால் வெள்ளையா, நீளமா.

மூக்கைப் பார்த்ததுமே தெரிந்தது, இதுவும் மீன்கொத்திச் சாதிதான். மூங்கிலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.

அது உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்தே இருந்தது. அரசாங்க ஆபீசில் எங்கள் ஊர் ஆட்கள் உட்காருவதைப் பார்த்திருக்கிறேன், இந்தப் பொறுமை அவர்களுக்கும் வராது. தலை மட்டும் அரை அங்குலம் திரும்பும். திடீரென்று கல் விழுகிற மாதிரி கீழே சருகில் விழுந்தது. எழும்போது மூக்கில் ஒரு மண்புழு. பழைய கிளைக்கே வந்து, கல்லில் துணி அடிப்பது போல நாலு அடி அடித்தது. பிறகு நேராகப் பறந்து புற்றின் நடுவில் இருந்த ஓட்டைக்குள் போய்விட்டது. உள்ளேயிருந்து கொரகொரவென்று சின்னச் சத்தங்கள்.

"குஞ்சு," என்றாள். "மூணுன்னு நெனக்கறேன்."

தாரணி பல வாரங்களாக அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு நோட்டு வைத்திருந்தாள். பாதி அந்தப் பாஷை, பாதி எங்கள் சேலத்துப் பேச்சு என்று கலந்து சொல்லிக்கொண்டே போனாள். 'தமிழ்ல சொல்லு' என்று என் வாய் வரைக்கும் வந்தது. மூடிக்கொண்டேன்.

"ரெண்டும் சேந்து தோண்டுச்சுங்கப்பா. தூரத்துலருந்து பறந்து வந்து மூக்கால இடிக்கும். டக். திரும்பிப் போகும். மறுக்கா டக்."

"கறையான் சும்மா விட்டுருமா?"

"அது செவுத்தப் பூசிக்கும். நடு ரூம் இவங்களுக்கு, மத்த ஊடு அவங்களுக்கு. யாரும் யாரையும் கடிக்க மாட்டாங்க."

"ஓடையில மீனு கெடக்குதே, அதப் புடிக்காதா?"

"ஓடையத் திரும்பியே பாக்காது. காட்ட உட்டும் வராது. கோகோக்குள்ள வெயில் இருக்குல்ல, அங்ககூட வராது. இந்த மரம் போச்சுன்னா குஞ்சுங்க செத்துரும். பறக்க இன்னும் ரெண்டு மூணு வாரம் வேணும்."

சிவப்புக் குறியைப் பார்த்தாள். நான் வேறு எங்கோ பார்த்தேன்.

"பாம்புன்னு யாரோ எழுதிக் குடுத்திருக்காங்கப்பா. பெயின்ட் அடிச்சவரு சொன்னாரு. பாக்காமயே எழுதியிருக்காங்க. எவ்ளோ முட்டாளு."

"இருக்கறாங்க கண்ணு, அப்படியும் ஆளுங்க," என்றேன்.

5

கொட்டகைக்குப் போகாமல் நேரே பராமரிப்பு ஆபீசுக்கு ஓடினேன். அங்கே பொறுப்பாளர் டோபியாஸ். உள்ளூர்க்காரர், என் வயசு, படிவத்தின் மேல் தெய்வ நம்பிக்கை உள்ளவர். எங்கள் பேச்சு அவர் பாஷையில் நடந்தது. தமிழில் தருகிறேன்.

"மரம் வெட்ட வேண்டாம்," என்றேன்.

"பாம்பு?"

"பாம்பு இல்லை."

"போய்விட்டதா? எங்கே போனது? புது இடத்துக்குப் புதுப் படிவம் வேண்டும்."

"போகவில்லை. முதலிலிருந்தே இல்லை."

டோபியாஸ் என் மனுவை எடுத்து மேஜைமேல் நீவி வைத்தார். "ஆறடி. பார்த்தவர், நீ. கையெழுத்தும் உன்னுடையது." பிறகு தணிந்த குரலில், "இல்லாத பாம்பைப் பார்த்தேன் என்று எழுதினால் அது பொய் அறிக்கை. உன் ஃபைலில் ஏறும். உன் வேலை அனுமதி புதுப்பிக்கும் காகிதமும் அதே ஃபைலில்தான் இருக்கிறது."

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அந்த அனுமதி. ஒவ்வொரு தடவையும் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்து போகும். அந்த நிமிஷத்தில் எனக்குள் ஒருவன் மெல்லச் சொன்னான்: பறவைதானே, இன்னொரு மரம் பார்த்துக்கொள்ளும். சொன்னவன் குரல் என் குரல் மாதிரியே இருந்தது. காட்டை விட்டு வெளியே வராத பறவைக்கு இன்னொரு மரம் எங்கே என்று அவனுக்கும் தெரியும்.

"டோபியாஸ், பொய் இல்லை. பாஷைக் குழப்பம். என் மகள் பறவை கொத்த வந்தது என்றாள். எங்கள் பாஷையில் பாம்பு செய்வதற்கும் அதே சொல்."

அவர் கண்ணில் ஒரு வெளிச்சம். "பாஷைக் குழப்பத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. ஆனால் உன் வான்டோக் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும்."

வான்டோக் என்றால் ஒரே பேச்சுக்காரர். இந்தத் தேசத்தில் ஒருவனுக்குச் சோறு போடுவது, ஜாமீன் நிற்பது, சண்டையில் கூட நிற்பது எல்லாம் வான்டோக்தான். டோபியாஸுக்குச் சில ஆயிரம் பேர் இருப்பார்கள். எனக்கு அந்தத் தோட்டத்தில் இரண்டே பேர். வீட்டில் இருந்தார்கள்.

செல்வியிடம் கேட்டேன். மாவு பிசைந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"பெரியவரு இல்லேன்னு கையெழுத்துப் போடணுமாக்கும்? பன்னெண்டு வருசம் பாலு ஊத்தியிருக்கறேன். நாக்கு அழுகிப் போயிருங்க."

"செல்வி, நானே பாத்தேன். குருவிதான்."

"குருவி ரூவத்துல வந்திருப்பாரு."

மீதி இருந்தது ஒரே ஒரு வான்டோக்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு மட்டம் போடச் சொல்லி தாரணியைக் கூட்டிக்கொண்டு கோகோ வரிசைகளுக்கு நடுவே ஆபீசுக்கு நடந்தேன். பாதி வழியில் சொன்னேன்.

"கண்ணு, பாக்காம எழுதுனான்னு சொன்னியே ஒரு முட்டாளு. அது நாந்தான்."

நின்றாள். என்னைப் பார்த்தாள். முன்பே தெரிந்தவள் போலத்தான் இருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் முதல்லயே பிசின்னு சொன்னேன்," என்றாள். "நீங்கதான் தமிழ்ல சொல்லச் சொன்னீங்க."

அதற்குப் பிறகு ஆபீஸ் வரைக்கும் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

6

டோபியாஸ் பத்து மணிக்கு வந்தார். தாரணியைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். பதின்மூன்று வயசு, அதுவும் மனுதாரரின் மகள். வெளியிலிருந்து இன்னொரு ஒரே பேச்சுக்காரர் சொன்னால் இரண்டையும் சேர்த்து ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

இங்கே பத்து என்றால் ஏற்காட்டில் விடிகாலை ஐந்தரை. ஏரிப் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் சின்னராசு மச்சான் பால் காய்ச்சும் நேரம். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தாரணி என் போனைப் பிடுங்கி வீடியோ போட்டாள். மூடுபனிக்கு நடுவே குரங்குக் குல்லாவோடு மச்சான் முகம் வந்தது.

"ஏங்கண்ணு, இந்நேரத்துக்கு? அம்மா நல்லாருக்குதா?"

"நல்லாருக்காங்க மாமா. இவருகிட்ட சொல்லுங்க. கொத்தறதுன்னா பாம்பா, குருவியா?"

மச்சான் போனை முகத்தருகே கொண்டுவந்து என்னைத் தேடினார். பிறகு குல்லாவுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது.

"மாப்ள, மறுக்காவுமா?"

"மச்சான், அத மட்டும் சொல்லாதீங்க," என்றேன்.

"எத? செம்மநத்தம் ரோட்டுல பொந்துக்குள்ள கைய உட்டதையா? பஸ்ஸு சேலம் வரைக்கும் நிக்காம போனதையா? எதச் சொல்லக் கூடாதுங்க மாப்ள?"

டோபியாஸ் தாரணியைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

தாரணி மொழிபெயர்க்க ஆரம்பித்தாள். மச்சான் ஒரு வாக்கியம், அவள் ஒரு வாக்கியம். நொம்ப என்றாலும் உள்ளாற என்றாலும் அவளுக்குத் தட்டவில்லை. என்னோடு பேசும்போது ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கும் பிள்ளை, அவர் பேச்சை மழைத்தண்ணீர் மாதிரி இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் விட்டாள். துண்டு கட்டியது, கன்னத்தில் தட்டிய அம்மா, டாக்டர் முகர்ந்து பார்த்தது, எதையும் விடவில்லை. பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் வந்து வாசலில் நின்றார்கள். ஒத்தப் பல் பாம்பு இடத்தில் டோபியாஸ் மேஜையில் தலையை வைத்துக்கொண்டார். வேறு எந்த ஆபீசில் ஒருவன் மானம் இரண்டு பாஷையில் ஒரே நேரத்தில் போயிருக்கும் என்று தெரியவில்லை.

"அன்னீலருந்து ஊருக்கே அவரு பேரு கொத்திதான் கண்ணு," என்று மச்சான் முடித்தார்.

தாரணி அதை மொழிபெயர்க்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து முதல்தடவையாக உதட்டோரம் என்னவோ அசைந்தது.

டோபியாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார். 'பாம்பு' என்பதை அடித்து மேலே 'பிசின்'. குழப்பத்தின் காரணம்: பாஷை. "ஃபைலில் ஏறுமா?" என்றேன். "ஏறும்," என்றார். "படிக்கிறவர்கள் சிரிக்க வேண்டாமா?" முத்திரை குத்தினார். குத்திய பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். ரம்பக்காரர் ஒன்பதரைக்கே கிளம்பிப் போய்விட்டாராம். அவரிடம் போன் கிடையாது.

தாரணி ஓடினாள். நானும் ஓடினேன். கோகோ வரிசைகளுக்கு அப்பால் ரம்பச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓடினோம். கேட்கவில்லை. வெட்டி முடித்துவிட்டதால் கேட்கவில்லையா என்ற நினைப்பு வந்ததும் காலை எட்டிப் போட்டேன்.

மரம் நின்றது. அடியில் ரம்பம் புல்மேல் கிடந்தது. ரம்பக்காரர் கட்டையில் உட்கார்ந்து டம்ளரில் எங்கள் வீட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மரத்துக்கும் நடுவே செல்வி, கையில் குங்குமச் சிமிழோடு.

"வெள்ளிக்கெழமை அதுவுமா புத்து மேல கை வெக்க உட்ருவனா?" என்றாள் என்னிடம்.

அவளுக்கு அந்தப் பாஷையில் முப்பது சொல் தெரிந்தால் அதிகம். அதில் ஒன்று மசலாய். காட்டில் ஓர் இடத்தைக் காவல் காக்கும் சக்திக்கு இங்கே அந்தப் பெயர். மசலாய் என்று புற்றைக் காட்டியிருக்கிறாள். ரம்பக்காரர் மஞ்சளைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், கொட்டாங்குச்சிப் பாலைப் பார்த்தார். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். நான் முத்திரை குத்திய காகிதத்தை நீட்டினேன். அவர் வாங்கக்கூட இல்லை. அந்தம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டதே என்றார்.

ஆக, இல்லாத பாம்பு மரத்தை வெட்ட ஆளை வரவைத்தது. அதே இல்லாத பாம்பு மரத்தைக் காப்பாற்றியது. நடுவில் நான் ஃபைலில் ஏறியதுதான் மிச்சம்.

7

போன ஞாயிற்றுக்கிழமை குஞ்சுகள் வெளியே வந்தன. மூன்று. வால் முளைக்காமல், தவிட்டு நிறத்தில், முகத்தில் எரிச்சலோடு ஒரே கிளையில் உட்கார்ந்திருந்தன. செல்வி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "பெரியவரு குடும்பம் பெருகிருச்சுங்க," என்றாள். இப்போதும் வெள்ளிக்கிழமை பால் உண்டு.

தாரணி கட்டையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். தமிழ். நான் ஐந்து வருஷம் அடம்பிடித்துச் சொல்லிக்கொடுத்தும் பெயரைத் தவிர எதையும் எழுதாத பிள்ளை. எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தன. மேலே தலைப்பு, 'கொத்தி'.

"மீன் எங்க கண்ணு?"

"அது மீனே திங்காதுல்ல. அப்பறம் எதுக்கு?"

கீழே இப்படி எழுதியிருந்தாள், பிழைகளை நான் திருத்தித் தருகிறேன்:

அடுத்தவங்க ஊட்டுல இருக்கும். அவங்க கடிக்க மாட்டாங்க.
ஒரே எடத்துல நொம்ப நேரம் உக்காரும்.
எடம் மாத்துனா பொழைக்காது.
பயந்தா மூஞ்சிக்கு நேரா வரும். ஆனா ஒண்ணும் பண்ணாது.

இரண்டு தடவை படித்தேன். இது பறவையைப் பற்றியா என்னைப் பற்றியா என்று கேட்டேன். எப்படியோ அந்தக் கேள்வி அவள் பாஷையில், பிசினில்தான் வெளியே வந்தது.

கிளையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"தமிழ்ல சொல்லுங்கப்பா."